கொல்கத்தாவின் அரசுப் பள்ளிகள்: ஒப்பீட்டின் கணக்கும் அதன் எல்லையும்

கொல்கத்தாவின் பள்ளிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருநூறு ஆண்டுப் பழமை உடையது. 1818இல் தொடங்கப்பட்ட கல்கத்தா ஸ்கூல் சொசைட்டி, நகரத்தின் நாட்டுப் பாடசாலைகளைக் கணக்கெடுத்து, 211 பாடசாலைகளில் 4,908 பிள்ளைகள் படிப்பதாகப் பதிவு செய்தது. 1835 முதல் 1838 வரை வில்லியம் ஆடம் எழுதிய மூன்று அறிக்கைகள் வங்காளம், பீகார் முழுவதற்கும் அந்தப் பணியை விரித்தன. வங்காளத்திலும் பீகாரிலும் ஒரு லட்சம் பாடசாலைகள் இருக்கலாம் என்று அவருடைய முதல் அறிக்கை மதிப்பிட்டது. நூறாண்டு கழித்து, பழைய இந்தியக் கல்வி பற்றிக் காந்திக்கும் பிலிப் ஹார்டாகுக்கும் இடையே எழுந்த விவாதத்தில் அந்த எண்ணும் கேள்விக்கு உள்ளானது. எதைப் பள்ளி என்று கணக்கில் சேர்ப்பது, யார் சொன்னதை நம்பி எண்ணுவது என்ற இரண்டு கேள்விகளும் அன்று போலவே இன்றும் கல்விப் புள்ளிவிவரத்தின் அடிப்படைக் கேள்விகளாக உள்ளன.

ஒரே நகரத்துக்குள் அரசுப் பணத்தில் இயங்கும் பள்ளிகளைத் தரவுகளைக் கொண்டு ஒப்பிடுவது எளிதான வேலைபோலத் தோன்றும். மாநிலங்களை ஒப்பிடும்போது குறுக்கிடும் மொழி, நிலப்பரப்பு, ஆட்சி முறை போன்ற வேறுபாடுகள் இங்கே குறைவு. ஆனால் கொல்கத்தா போன்ற நகரத்தில் ஒரே தெருவில் நிற்கும் இரண்டு அரசுப் பள்ளிகள் நிர்வாகத்திலும் பயிற்றுமொழியிலும் மாணவர்களின் குடும்ப நிலையிலும் முற்றிலும் வேறானவையாக இருக்க முடியும். அதனால் எந்த எண்ணை எதோடு வைத்துப் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பள்ளிகளின் வகைகள்

கொல்கத்தாவில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் பல நிர்வாகங்களின் கீழ் உள்ளன. முதல் வகை, மாநில அரசே நேரடியாக நடத்தும் பள்ளிகள். 1817இல் இந்துக் கல்லூரியாகத் தோன்றிய இந்துப் பள்ளி, அதற்கு எதிரே உள்ள ஹேர் பள்ளி, 1849இல் தொடங்கிய பெத்யூன் பள்ளி, பேகம் ரொக்கையா 1911இல் கொல்கத்தாவில் நிறுவிய சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றின் ஆசிரியர்களை மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது.

இரண்டாவது வகை, எண்ணிக்கையில் மிகப் பெரியது. தனி நிர்வாகக் குழுவின் கீழ் இயங்கி, ஆசிரியர் சம்பளத்தை அரசிடமிருந்து பெறும் உதவி பெறும் பள்ளிகளும் அரசு ஆதரவுப் பள்ளிகளும் இதில் அடங்கும். இவற்றின் உயர்நிலை ஆசிரியர் நியமனத்துக்காக 1997இல் பள்ளிப் பணி ஆணையம் அமைக்கப்பட்டது. மூன்றாவதாக, மாவட்டத் தொடக்கப் பள்ளி மன்றத்தின் கீழ் வரும் தொடக்கப் பள்ளிகள். நான்காவது, மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள். 1924இல் சித்தரஞ்சன் தாஸ் நகரத்தின் முதல் மேயரானபோது இலவசத் தொடக்கக் கல்வி மாநகராட்சியின் முக்கியத் திட்டமாயிற்று. அந்த மரபில் வந்த பள்ளிகள் இவை. இவற்றோடு அரசு உதவி பெறும் மதரசாக்கள், சிசு சிக்ஷா கேந்திரங்கள், ஒன்றிய அரசின் கேந்திரிய வித்யாலயங்கள் ஆகியவையும் உண்டு.

கேந்திரிய வித்யாலய மாணவர் எழுதுவது ஒன்றியக் கல்வி வாரியத்தின் தேர்வு. மற்றப் பள்ளிகளில் பெரும்பாலானவை மாநில வாரியத்தின் மாத்யமிக் எனப்படும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மாணவரை அனுப்புகின்றன. மதரசாக்களுக்குத் தனி வாரியம் இருக்கிறது. வெவ்வேறு வினாத்தாள், வெவ்வேறு திருத்தும் முறையில் வந்த தேர்ச்சி விகிதங்களை ஒரே பட்டியலில் அடுக்கினால் அந்தப் பட்டியலுக்குப் பொருள் இல்லை.

பயிற்றுமொழியும் பள்ளிகளைப் பிரிக்கிறது. வங்காளி, இந்தி, உருது, ஆங்கிலம் என நகரத்தின் அரசுப் பள்ளிகள் பல மொழிகளில் நடக்கின்றன. படாபஜார் பக்கத்தில் இந்தி வழிப் பள்ளிகளும், ராஜாபஜார், கிதிர்ப்பூர், மெட்டியாபுருஸ் பகுதிகளில் உருது வழிப் பள்ளிகளும் தங்களுக்கே உரிய சமூகங்களுக்குப் பயன்படுகின்றன. ஓர் உருது வழிப் பள்ளியில் இடமில்லாமல் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும்போது, பக்கத்து வங்காளி வழிப் பள்ளியின் காலி வகுப்பறை அவர்களுக்கு உதவாது. ‘இந்த வார்டில் போதிய இடம் உள்ளது’ என்று கூறும் சராசரி இந்த உண்மையை மறைத்துவிடும்.

தரவு எங்கிருந்து வருகிறது

இந்தியப் பள்ளிகள் பற்றிய முதன்மைத் தரவு யூடைஸ் என்ற ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் முறையிலிருந்து வருகிறது. 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2012–13இல் எல்லா நிலைப் பள்ளிகளையும் உள்ளடக்கியது. 2018–19 முதல் யூடைஸ் பிளஸ் என்ற இணைய வடிவில் நடக்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு மாநிலப் பள்ளித் தரவுத் தளமான எமிஸ் எப்படியோ, மேற்கு வங்க ஆசிரியர்களுக்கு ‘பாங்க்லார் சிக்ஷா’ இணையதளம் அப்படி. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். மேற்கு வங்கத்துக்கு 19.

வகுப்புவாரியான சேர்க்கை, ஆண் பெண் எண்ணிக்கை, சமூகப் பிரிவு, ஆசிரியர்களின் தகுதி, வகுப்பறைகள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், கணினி, சாய்தளம், தேர்வு முடிவு ஆகியவை இதில் பதிவாகின்றன. இவற்றைப் பள்ளியே நிரப்புகிறது, மேலதிகாரிகள் சரிபார்க்கிறார்கள். கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வந்துவிடும். அது நாள் முழுவதும் திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதை அந்த ‘ஆம்’ சொல்லாது.

2022–23 முதல் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. அதுவரை பள்ளிகள் மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுத்தன. அந்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியாகப் பதிவு செய்யப்படுகிறது. ஒரே குழந்தையை இரண்டு பள்ளிகள் தங்கள் கணக்கில் காட்டுவது இதனால் கடினமாயிற்று. 2021–22இல் 26.5 கோடியாக இருந்த நாட்டின் மொத்தச் சேர்க்கை 2023–24இல் 24.8 கோடியாகக் குறைந்தது. குறைவில் எவ்வளவு உண்மையான இழப்பு, எவ்வளவு பழைய இரட்டைப் பதிவு நீங்கியதன் விளைவு என்று இந்த எண்களை மட்டும் கொண்டு பிரிக்க முடியாது. ஆகவே 2022க்கு முந்திய சேர்க்கையையும் பிந்திய சேர்க்கையையும் ஒரே கோட்டில் இணைத்து ஒரு பள்ளியைக் குறை கூறுவது தவறாகும்.

கற்றல் அடைவை அளக்கும் ஆய்வுகள் பள்ளி ஒப்பீட்டுக்கு அதிகம் உதவுவதில்லை. 2021 நவம்பர் 12இல் நடந்த தேசிய அடைவாய்வு 720 மாவட்டங்களில் 34 லட்சம் மாணவரைச் சோதித்தது. மாவட்ட நிலவரத்தைக் காட்டுவதற்கான மாதிரி ஆய்வான அதைக் கொண்டு தனிப் பள்ளிகளைத் தரம் பிரிக்க இயலாது. பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு கிராமப்புறத்துக்கு உரியது. முழுவதும் நகரமாக உள்ள கொல்கத்தா மாவட்டம் அதில் இடம்பெறாது. எஞ்சுவது மாத்யமிக் முடிவுதான்.

மக்கள்தொகைக் கணக்கிலும் சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி கொல்கத்தாவின் மக்கள்தொகை 44,96,694. இது 2001ஆம் ஆண்டின் 45,72,876ஐ விடக் குறைவு. மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 14 லட்சம் பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கை நெருங்குவோர், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்றைய சேர்க்கை விகிதங்கள் பழைய எண்ணிலிருந்து கணித்த மக்கள்தொகையை வகுஎண்ணாகக் கொள்கின்றன. மேலும், சியால்தாவில் வந்து நிற்கும் புறநகர் ரயில்களில் பக்கத்து மாவட்டங்களின் பிள்ளைகளும் நகரப் பள்ளிக்கு வருகிறார்கள். பள்ளி இருக்கும் வார்டின் மக்கள்தொகை விவரத்தை அந்தப் பள்ளி மாணவரின் பின்னணியாகக் கொள்வது அதனால் பிழையில் முடியும்.

சராசரி மறைக்கும் ஆசிரியர் கணக்கு

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், உயர் தொடக்க வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுக்கிறது. அதன் 25ஆம் பிரிவு, இந்த விகிதம் ‘ஒவ்வொரு பள்ளியிலும்’ காக்கப்பட வேண்டும் என்கிறது. மாவட்டச் சராசரி சரியாக இருந்தால் போதும் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

காரணம் எளிது. ஒரு பள்ளியில் 20 மாணவருக்கு 4 ஆசிரியர், மற்றொன்றில் 300 மாணவருக்கு 6 ஆசிரியர் என்று கொள்வோம். இரண்டையும் சேர்த்தால் 320 மாணவருக்கு 10 ஆசிரியர், விகிதம் 32. ஏறத்தாழச் சட்ட வரம்பு. தனித்தனியே பார்த்தால் ஒன்றில் 5, மற்றொன்றில் 50. முதல் பள்ளி காலியாகிக் கொண்டிருக்கிறது, இரண்டாவது திணறுகிறது. 5 என்ற குறைந்த விகிதத்தைத் ‘தரத்தின் அடையாளம்’ என்று தரவரிசையில் மேலே வைப்பது, பெற்றோர் கைவிட்ட பள்ளிக்குப் பரிசு கொடுப்பதாகும்.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. யூடைஸ் பிளஸ் அறிக்கையின்படி 2024–25இல் நாட்டில் ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் 7,993. அவற்றில் 3,812 மேற்கு வங்கத்தில் இருந்தன. மேற்கு வங்கத்தின் அந்தப் பள்ளிகளின் பெயரில் 17,965 ஆசிரியர்கள் பதிவாகியிருந்தனர். குழந்தைப் பிறப்பு குறைந்ததும் (தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் மாநிலத்தின் கருவள விகிதம் 1.6), தனியார் ஆங்கில வழிப் பள்ளிகளின் ஈர்ப்பும், பழைய குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் புறநகருக்கு நகர்ந்ததும் நகரத்தின் வங்காளி வழிப் பள்ளிகளை மெலியச் செய்துள்ளன. மாணவர் போன பிறகும் ஆசிரியர் பணியிடங்கள் அதே பள்ளியின் பெயரில் நிற்கின்றன. 2021இல் ஆசிரியர் இடமாற்றத்துக்காக மாநில அரசு தொடங்கிய ‘உத்சஸ்ரீ’ இணையதளம் வழியாகக் கிராமப் பள்ளிகளை விட்டு நகரத்துக்கு ஆசிரியர்கள் வந்துவிடுகிறார்கள் என்ற விமரிசனமும் எழுந்தது.

நியமன ஊழல் வழக்கு ஆசிரியர் எண்ணிக்கையை மேலும் நிலையற்றதாக்கியது. 2016 தேர்வின் வழியாக நியமிக்கப்பட்ட 25,753 ஆசிரியர், ஊழியர் பணிகளைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 22இல் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3இல் அதை உறுதிப்படுத்தியது. முறைகேட்டில் தொடர்பில்லாத ஆசிரியர்கள் சிறிது காலம் பணியில் தொடரப் பின்னர் அனுமதித்தது. இந்த நியமனங்கள் பள்ளிப் பணி ஆணையத்தின் வழியாக நடந்தவை. எனவே பாதிப்பு உதவி பெறும் பள்ளிகளிலும் ஆதரவுப் பள்ளிகளிலும் விழுந்தது. பணியாளர் தேர்வாணையம் நியமிக்கும் நேரடி அரசுப் பள்ளிகளில் விழவில்லை. அந்த ஆண்டுகளின் ஆசிரியர் எண்ணிக்கையை இவ்விரு வகைகளுக்கிடையே ஒப்பிடுபவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பாட ஆசிரியர் கணக்கு தனி. பன்னிரண்டு ஆசிரியர் உள்ள உயர்நிலைப் பள்ளியில் இயற்பியலுக்கு ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். மேற்கு வங்கத்தில் இன்னொரு சிறப்புச் சிக்கலும் உண்டு. அங்கே தொடக்கப் பள்ளி மரபாக நான்காம் வகுப்போடு முடிந்தது. ஐந்தாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியில் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது படிப்படியாகத் தொடக்கப் பள்ளிக்கு மாற்றப்படுகிறது. மாறிய பள்ளியையும் மாறாத பள்ளியையும் மொத்தச் சேர்க்கையில் ஒப்பிட்டால், ஒரு முழு வகுப்பின் வேறுபாடு ‘வளர்ச்சி’யாகவோ ‘சரிவா’கவோ தோன்றும். ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளியும் பகலில் இன்னொரு பள்ளியும் நடக்கும் இடங்களில் வகுப்பறை எண்ணிக்கை இரண்டு பள்ளிகளின் கணக்கிலும் ஏறிவிடவும் கூடும்.

தேர்ச்சி விகிதம் எதைக் காட்டுகிறது

மாத்யமிக் 2024இல் மாநிலத் தேர்ச்சி 86.31%. மாவட்டங்களில் காலிம்போங் 96.26% பெற்று முதலிடத்திலும், கிழக்கு மேதினிப்பூர் 95.49% பெற்று அடுத்தும், கொல்கத்தா 91.62% பெற்று மூன்றாமிடத்திலும் வந்தன. தலைநகரத்தின் கல்வி வசதியை நினைக்கும்போது இந்த வரிசையே ஒரு பாடம்: வசதியும் தேர்ச்சியும் ஒரே அளவில் ஏறுவதில்லை.

பள்ளி மட்டத்தில் தேர்ச்சி விகிதத்தைப் படிக்கும்போது மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ஆண்டின் இயல்பு. பெருந்தொற்றால் தேர்வே நடக்காத 2021இல் தேர்ச்சி 100%. 2022இல் ஏறத்தாழ 11 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 2023இல் 7 லட்சத்துக்குச் சரிந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் சேர்க்கை வயது விதியால் அந்த வகுப்பே சிறுத்திருந்தது என்பது வாரியம் கூறிய முக்கிய விளக்கம். அந்த ஒரே ஆண்டில் ஒரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறைந்ததற்குத் தலைமையாசிரியரைக் குற்றம் சொல்ல இயலாது.

இரண்டாவது, சிறிய எண்ணின் ஆட்டம். மாணவர் ஒவ்வொருவரும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு 86% என்றே வைத்துக்கொண்டாலும், 20 பேர் எழுதும் பள்ளியின் தேர்ச்சி விகிதம் தற்செயலாகவே ஏறத்தாழ 8 புள்ளிகள் திட்ட விலக்கம் கொள்ளும். ஓராண்டு 75%, மறு ஆண்டு 95% என்று வந்தாலும் பள்ளியில் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை. 200 பேர் எழுதும் பள்ளியில் இந்த விலக்கம் 2.5 புள்ளிதான். அதனால்தான் எந்தத் தரவரிசையிலும் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே நிறைந்திருக்கின்றன. மாணவர் குறைந்துவரும் கொல்கத்தாவில் இது அன்றாடச் சிக்கல். மூன்று ஆண்டுகளின் முடிவைச் சேர்த்துப் பார்ப்பது குறைந்தபட்சத் தேவை.

மூன்றாவது, தேர்வு எழுதாதவர்கள். பொதுத்தேர்வுக்கு முன்பு பள்ளிகள் ‘டெஸ்ட்’ என்ற தகுதித் தேர்வு நடத்துகின்றன. அதில் தேறாதவரை நிறுத்திவைக்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதம் இயல்பாகவே உயரும். ஐந்தாம் வகுப்பில் 100 பேர் சேர்ந்த இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் 60 பேர் எழுதி 57 பேர் தேறினால் விகிதம் 95%. இரண்டாவதில் 90 பேர் எழுதி 77 பேர் தேறினால் விகிதம் 86%க்குச் சற்றுக் குறைவு. பட்டியலில் முதல் பள்ளி மேலே நிற்கும். ஆனால் சேர்ந்த நூறு பேரில் கரை சேர்ந்தவர்கள் அங்கே 57, இங்கே 77. இடையில் பள்ளி மாறியவர்களைக் கழித்துவிட்டு இந்தத் தொடர்ச்சி விகிதத்தைக் கணக்கிடுவதே நேர்மையான அளவு.

வீட்டின் பங்கும் பள்ளியின் பங்கும்

1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவரிடையே காணும் மதிப்பெண் வேறுபாட்டில் பள்ளி வசதியை விடக் குடும்பப் பின்னணியே கூடுதல் பங்கு வகிப்பதாகக் கண்டது. மேற்கு வங்கத்தில் இந்தப் பின்னணிக்கு ஒரு தனி வடிவம் உண்டு: டியூஷன். அமர்த்தியா சென் நிறுவிய பிரதீச்சி அறக்கட்டளை 2009இல் வெளியிட்ட அறிக்கை, தொடக்கப் பள்ளி மாணவரில் டியூஷனை நம்பியிருப்போர் 57%லிருந்து 64% ஆனதாகக் காட்டியது. 2022 ஏசர் ஆய்வில் மாநிலத்தின் கிராமப்புறப் பிள்ளைகளில் ஏறத்தாழ 74% பேர் கட்டணம் கொடுத்து டியூஷன் படித்தனர். நகரத்துக்கு அதே அளவில் எண் இல்லாவிட்டாலும், ஒரு பள்ளியின் மதிப்பெண்ணில் மாலை நேர ஆசிரியருக்கும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. யூடைஸ் படிவத்திலிருந்து இந்தப் பங்கை அறிய வழியில்லை.

இங்கிலாந்து 1992இல் பள்ளித் தரவரிசைப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. மதிப்பெண் மட்டும் பார்ப்பது நியாயமல்ல என்ற எதிர்ப்பால், மாணவர் உள்ளே வந்த நிலைக்கும் வெளியேறிய நிலைக்கும் உள்ள முன்னேற்றத்தை அளக்கும் முறைகளுக்கு அது பின்னர் நகர்ந்தது. வேல்ஸ் 2001இல் பட்டியலையே கைவிட்டது. தமிழ்நாடு 2017இல் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. மேற்கு வங்கத்தில் மாத்யமிக் முதல் பத்து இடங்களின் பட்டியல் இன்னும் ஆண்டுதோறும் வெளியாகிறது.

பள்ளியின் உண்மையான பங்கைப் பிரித்தறிய கொல்கத்தாவிலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெயர் பெற்ற அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புச் சேர்க்கை இப்போது நுழைவுத் தேர்வால் அல்ல, குலுக்கலால் நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைக்கான வடிகட்டலைத் தடை செய்கிறது. விண்ணப்பித்த குடும்பங்கள் எல்லாம் ஒரே ஆர்வம் உள்ளவை. இடம் கிடைத்ததும் கிடைக்காததும் தற்செயல். ஆகவே குலுக்கலில் இடம் பெற்ற பிள்ளைகளையும் பெறாமல் வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் பத்தாண்டு கழித்து ஒப்பிட்டால், வித்தியாசம் பள்ளியால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். மாணவர்வாரிப் பதிவு வந்துவிட்டதால் இத்தகைய ஆய்வு தொழில்நுட்ப அளவில் சாத்தியமாகியுள்ளது. பிள்ளைகளின் அடையாளத்தை நீக்கிய பின்பே ஆய்வாளருக்குத் தரவு தரப்பட வேண்டும். பத்துப் பேர் மட்டும் படிக்கும் வகுப்பில் சமூகப் பிரிவுவாரி மதிப்பெண்ணை வெளியிடுவது, பெயர் சொல்லாமலே ஒரு குழந்தையைச் சுட்டிக்காட்டுவதாகிவிடும்.

ஒப்பீட்டுக்கு உகந்த முறை

நகரப் பள்ளிகளை ஒப்பிடுவதற்கான ஒழுங்கு இவற்றிலிருந்து தெளிவாகிறது. முதலில் நிர்வாகம், வகுப்பு நிலை, பயிற்றுமொழி, தேர்வு வாரியம், காலை அல்லது பகல் அமர்வு ஆகியவற்றால் ஒத்த பள்ளிகளை ஒரு குழுவாக்க வேண்டும். அடுத்து, வசதியும் ஆசிரியரும் ஒரு தொகுதியாகவும், வருகையும் தொடர்ச்சியும் மற்றொரு தொகுதியாகவும், தேர்வு முடிவு மூன்றாவது தொகுதியாகவும் பிரிக்கப்பட வேண்டும். மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கினால், நல்ல கட்டடம் மோசமான தொடர்ச்சியை மூடிவிடும். சேர்க்கையையும் முடிவையும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பார்க்க வேண்டும். 2021ஐ விலக்க வேண்டும். 2022–23க்கு முன்னும் பின்னும் தனித்தனியே ஆராய வேண்டும். இறுதியில் பள்ளிகளை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையிடாமல், ‘எதிர்பார்ப்புக்கு மேல்’, ‘எதிர்பார்ப்பை ஒட்டி’, ‘கவனம் தேவை’ என்ற பட்டைகளில் வைப்பது தரவின் துல்லியத்துக்குப் பொருந்தும்.

இப்படிச் செய்தால் கிடைக்கும் விடைகள் பெற்றோருக்கு ஓரளவும் நிர்வாகத்துக்குப் பெரிதும் பயன்படும். சிறந்த பள்ளி எது என்ற கேள்விக்கு இன்றுள்ள தரவு உறுதியான பதில் தராது. எந்தப் பள்ளியில் ஆசிரியர் மிஞ்சியிருக்கிறார், எந்த மொழிவழிப் பள்ளியில் இடமில்லை, எங்கே ஐந்தாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையே பிள்ளைகள் மறைகிறார்கள் என்ற கேள்விகளுக்கு அதே தரவு தெளிவாகப் பதில் தரும். கொல்கத்தாவின் கல்வித் தரவை முதலில் ஆசிரியரையும் இடத்தையும் நியாயமாகப் பங்கிடுவதற்கே பயன்படுத்த வேண்டும். பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் வலு அதற்கு இன்னும் இல்லை.